பன்றிப் பண்ணைக்குள் நோய் வராமல் காப்பது: திருகோணமலைப் பண்ணையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் கால்நடைத் தீவனம் விற்கும் கடையொன்றை நடத்துகிறேன். அதற்கு முன்னர் ஒன்பது ஆண்டுகள் ஒரு பன்றிப் பண்ணையில் மேற்பார்வையாளராக இருந்தேன். 2024 ஒக்ரோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிசெய்யப்பட்டு, பன்றிகளையும் பன்றியிறைச்சியையும் இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடு வந்த நாளிலிருந்து, தவிடு வாங்க வருகிறவர்கள் மூட்டையை வண்டியில் ஏற்றிய பின்னும் போகாமல் நின்று கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இங்கு தந்து, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் கால்நடை வைத்தியர் அல்லன். எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர் என்ற கேள்விகளுக்கு உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகமே பதில் சொல்ல வேண்டும் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

1. "உயிரியல் பாதுகாப்பு எண்டு கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுறாங்கள். உண்மையில அது என்ன?"

கிருமி பன்றியின் உடம்புக்குள் போன பிறகு செய்வது சிகிச்சை. அது பண்ணையின் வேலியைத் தாண்டுவதற்கு முன்னர் செய்வது உயிரியல் பாதுகாப்பு. வெளியிலிருந்து வாங்கும் பன்றி, ஆட்கள், வண்டி, தீவனம், தண்ணீர், உபகரணங்கள், பிற விலங்குகள் என்று கிருமி வரும் வழிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவற்றுள் பெரும்பாலானவை நாமே வாசலைத் திறந்துவிட்டு உள்ளே அழைக்கிறவை. வேலியை உடைத்துக்கொண்டு வரும் காட்டுப்பன்றியைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பலர். தாமே தூக்கிக்கொண்டு போகும் மிச்சச் சாப்பாட்டு வாளியைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. எப்படியோ நோய் உள்ளே வந்துவிட்டால், ஒரு கொட்டிலிலிருந்து அடுத்த கொட்டிலுக்கும், உங்கள் பண்ணையிலிருந்து அயலவர் பண்ணைக்கும் அது போகாமல் மறிப்பதும் இதே வேலைதான்.

2. "எங்கட பண்டியளுக்குப் பண்டிக் காய்ச்சல் ஊசி போட்டிருக்கு. அது காணாதோ?"

காணாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் வந்த மயக்கம் இது. பல காலமாகத் தடுப்பூசி போட்டுவரும் பன்றிக் காய்ச்சல் ஒரு வைரசினால் வருவது. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அதற்கு எந்த உறவும் இல்லாத வேறொரு வைரசினால் வருவது. முன்னதற்குப் போட்ட ஊசி பின்னதைச் சற்றும் தடுக்காது. ஆயினும் அந்த ஊசியை நிறுத்திவிடக் கூடாது. அந்த நோயும் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 1921 இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2007 இல் ஜோர்ஜியாவுக்கும், 2018 இல் சீனாவுக்கும், 2020 இல் இந்தியாவின் அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றுக்கும் வந்து, பின்னர் நம்மிடம் வந்து சேர்ந்தது. வியட்நாம் 2022 இலிருந்து சில தடுப்பூசிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டு, அதை எப்படியாவது தருவித்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டவர்களும் இருக்கிறார்கள். அது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸ். அரச அனுமதியும் கண்காணிப்பும் இல்லாமல் பையில் போட்டுக் கொண்டுவந்து குத்தினால், நோயை நாமே விலை கொடுத்து வாங்கியதாக முடியலாம்.

3. "மனுசருக்குத் தொத்துமா?"

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மனிதர் அதைச் சப்பாத்திலும், உடுப்பிலும், சாப்பாட்டுப் பார்சலிலும் தூக்கிச் செல்வார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பன்றிப் பண்ணையில் மனிதருக்கு ஆபத்தான நோய்கள் வேறு உண்டு. எலிக்காய்ச்சல் பன்றியின் சிறுநீரிலிருந்தும் வரும். ஆகையால் காலில் புண்ணோடு வெறுங்காலில் கொட்டில் கழுவக் கூடாது. வயல்வெளிக்கு அருகே பண்ணை வைத்திருப்பவர்கள் யப்பானிய மூளைக்காய்ச்சலையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு அதைப் பரப்புகிறது, பன்றியின் இரத்தத்தில் அந்த வைரஸ் பெருகுகிறது. பிள்ளைகளுக்கான தடுப்பூசி அட்டையில் அதற்குரிய ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. "எனக்கு இருக்கிறது பதினைஞ்சு பண்டி. பெரிய பண்ணைக்காரர் செய்யிறதெல்லாம் நான் செய்ய ஏலுமா?"

எல்லாம் செய்யத் தேவையில்லை. வரிசையை மாற்றாமல் செய்தால் போதும். முதலாவது, நாயும் காட்டுப்பன்றியும் அந்நியரும் நுழைய முடியாத வேலியும் பூட்டக்கூடிய ஒரே வாசலும். இரண்டாவது, கொட்டிலுக்கென்றே ஒதுக்கிய சப்பாத்தும் உடுப்பும். மூன்றாவது, கழிவுணவை நிறுத்துவது. நான்காவது, வாங்கும் பன்றியைத் தனியே வைக்க ஓர் இடம். இவற்றுள் கையைக் கடிக்கக்கூடிய செலவு வேலி ஒன்றுதான். முட்கம்பி மாத்திரம் போட்டால் குட்டிகளும் நாய்களும் புகுந்து போகும். அடியில் கல் வைத்த கம்பிவலை வேண்டும்.

சக்கரம் கழுவும் தொட்டி, மருந்து தெளிக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் படத்தில் பார்த்துவிட்டு அவற்றை முதலில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வேலி இல்லாத பண்ணையின் வாசலில் மருந்துத் தொட்டி கட்டுவது, கூரை இல்லாத வீட்டுக்குக் கதவு போடுவது போன்றது.

5. "ஹோட்டல் மிச்சச் சாப்பாடு குடுக்கக் கூடாதெண்டா, பண்டிக்கு என்னத்தைக் குடுக்கிறது? கட்டுப்படியாகுமா?"

நம் ஊரில் இதுவே முதன்மையான கேள்வி. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கும் மாதங்களில், விடுதிச் சமையலறைகளின் பின்கதவில் நாளாந்தம் வாளி வாளியாகச் சாப்பாடு மிஞ்சுகிறது. அதை எடுத்துப் பன்றிக்குப் போடுவது விடுதிக்கும் இலாபம், பண்ணைக்கும் இலாபம் என்று பல ஆண்டுகளாக நடந்துவந்த ஏற்பாடு. தீவனம் விற்கிறவன் கழிவுணவு வேண்டாம் என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே என் சொல்லை நம்பாமல், அடுத்த முறை அந்த வாளியை ஒரு பொலித்தீன் விரிப்பில் கவிழ்த்துப் பாருங்கள். சோற்றுக்கும் பாண் துண்டுக்கும் நடுவே பேக்கன் ஓரம், சொசேஜ் துண்டு, பன்றி விலா எலும்பு, சமைப்பதற்கு முன் வெட்டி எறிந்த தோல், இறைச்சி உருகி வடிந்த இரத்தத் தண்ணீர் ஊறிய கடதாசி ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும்.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் இறைச்சியில் சாவது மிகக் கடினம். குளிரூட்டிய இறைச்சியில் மாதக்கணக்கிலும் உறையவைத்த இறைச்சியில் ஆண்டுக்கணக்கிலும் அது உயிரோடு இருக்கும். உப்பிட்டு உலர்த்திய, புகையூட்டிய இறைச்சியிலும் மாதங்கள் தாங்கும். அந்த இறைச்சி எந்த மாவட்டத்திலிருந்து, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று விடுதிச் சமையற்காரருக்கே தெரியாது. நீர்கொழும்பு முதல் புத்தளம் வரையான மேற்குக் கரையோரத்தில்தான் நாட்டின் பன்றிகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே நோய் வந்து, அந்த இறைச்சித் துண்டு குளிர்பெட்டியில் பயணம் செய்து, நிலாவெளியில் ஒருவரின் காலை உணவில் மிஞ்சி, மாலையில் உங்கள் தொட்டியில் விழுவதற்கு இடையில் வேலி எதுவும் இல்லை.

மாற்றுக்கு வருவோம். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து அரிசி ஆலைகளின் தவிடும் குறுணலும், தேங்காய்ப் புண்ணாக்கும், சோளமும், மீன் தூளும் சேர்த்த கலவை, முழுத் தீவனத்தைவிட மலிவாக முடியும். வளரும் பன்றிக்கும் சினைப்பன்றிக்கும் அளவு வேறுபடும் என்பதால், கலவைக் கணக்கைக் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டுப் பெறுங்கள். சந்தையில் கழிக்கும் மரக்கறியையும், மீன் வாடிகளில் கழிக்கும் குடல், தலை ஆகியவற்றையும், அவை இறைச்சிக் கடைக் கழிவோடு ஒரே கூடையில் கலக்காதவரை, அவித்துக் கொடுக்கலாம். பன்றிகளின் எண்ணிக்கையைக் குறைத்து நல்ல தீவனம் போடுவதே சிலருக்கு உண்மையான விடை. என் கடை வியாபாரத்துக்கு அது நல்ல விடையன்று.

6. "நாங்கள் அவிச்சுத்தானே குடுக்கிறம்?"

அவிப்பதற்கும் சூடாக்குவதற்கும் உள்ள தூரம் பெரிது. இந்த வைரசை அழிக்கச் சர்வதேச அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை, கழிவுணவு முழுவதையும் 90 பாகை செல்சியசில் குறைந்தது 60 நிமிடம், இடைவிடாமல் கிளறிக்கொண்டு வைத்திருப்பது. பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில் விறகு மூட்டி, மேலே நுரை தள்ளியதும் இறக்குவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அடியில் பிடித்துக் கருகும்போதும் நடுவில் உறைந்த இறைச்சிக் கட்டி கைச்சூடு அளவில்கூட இராது. வெப்பமானி வைத்து, ஒரு மணித்தியாலம் பக்கத்தில் நின்று கிளறுவதற்கு ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விறகுக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்தால், ஐந்தாவது கேள்வியில் சொன்ன கலவை அவ்வளவு விலையாகத் தெரியாது.

இன்னொன்று: பச்சை வாளியை இறக்கிய கையோடு, அதே அகப்பையால், அதே இடத்தில் அவித்ததை வாரினால், அவித்தது வீணாகிவிடும். பச்சையானது வந்து சேரும் இடமும் அவித்தது வெளியேறும் இடமும் வேறாக இருக்க வேண்டும். விடுதி வாளி கொட்டில் வாசலுக்கு வரவே கூடாது.

7. "வாசல்ல மருந்துத் தண்ணி வச்சிருக்கிறன். அதுக்குள்ள மிதிச்சிட்டு வந்தாச் சரிதானே?"

சாணி ஒட்டிய சப்பாத்தைத் தொட்டியில் தோய்த்தால், தொட்டிதான் அழுக்காகும், சப்பாத்து சுத்தமாகாது. மருந்து அழுக்கின் மேற்பரப்போடு நின்றுவிடும். முதலில் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்க்க வேண்டும், அடிப்பாகத்துப் பள்ளங்களில் இறுகிய மண்ணை ஓர் ஈர்க்கினால் கிண்டி எடுக்க வேண்டும், அதன் பின்னர்தான் மருந்து. நான் மேற்பார்வையாளராக இருந்த பண்ணையில் மூன்று நாள் மாற்றாத தொட்டியில் தவளை முட்டையிட்டிருந்தது. தவளை வாழும் தண்ணீரில் வைரஸ் சாகும் என்று அதுவரை நானும் நம்பிக்கொண்டு, வருகிறவர்களை மிதிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

30 வீதக் குளோரின் உள்ள வெளிற்றும் தூளை ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ 17 கிராம் வீதம் கரைத்தால் 0.5 வீதக் கரைசல் கிடைக்கும். கழுவிய மேற்பரப்பில் அது 30 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். வெயிலும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடுவதால், நிழலில் வைத்து நாளாந்தம் மாற்ற வேண்டும். எரிசோடாவும் நன்றாக வேலை செய்யும். ஆனால் தோலையும் கண்ணையும் எரிக்கும் என்பதால், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

இருந்தாலும், தொட்டியைவிடச் சப்பாத்தை மாற்றுவதே நல்லது. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குந்து கட்டுங்கள். வெளிப்புறத்தில் உட்கார்ந்து வெளிச் சப்பாத்தைக் கழற்றி, நிலத்தில் மிதியாமல் காலைத் தூக்கி உட்புறம் போட்டு, அங்கிருக்கும் கொட்டில் சப்பாத்தை மாட்ட வேண்டும். உட்புறச் சப்பாத்து வேறு நிறமாக இருந்தால், யார் தவறினார் என்று தூரத்திலிருந்தே தெரியும்.

8. "பண்டி வாங்க வாறவர் லொறியோட உள்ளுக்கு வந்தாத்தானே ஏத்தலாம்?"

நம் மாவட்டத்தில் பன்றி வளர்ப்போர் மிகச் சிலர். இது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலராக இருப்பதனாலேயே ஒரே வியாபாரி, ஒரே லொறி, குட்டிகளுக்கு விதை அடிக்கும் ஒரே ஆள் எல்லோரிடமும் போகிறார்கள். பண்ணைகள் ஒன்றுக்கொன்று பல மைல் தூரத்தில் இருந்தாலும், அந்த லொறியின் பலகைத் தட்டில் எல்லாப் பண்ணைகளின் சாணியும் ஒன்றாகக் கிடக்கிறது.

ஏற்றும் இடத்தை வேலியின் எல்லையிலேயே அமையுங்கள். உங்கள் ஆள் பன்றியை ஏற்றுமேடை வரை கொண்டுவர வேண்டும். லொறிக்காரர் மேடைக்கு அப்பால் வெளியே நின்று வாங்க வேண்டும். மேடையில் கால் வைத்த பன்றி, விலை படியவில்லை என்றாலும், கொட்டிலுக்குத் திரும்பக் கூடாது என்பதை வழக்கமாக்குங்கள். இதற்காக விலையை முதலில் பேசி முடிப்பது நல்லது; நிறைபார்க்கும் தராசையும் மேடையிலேயே வைத்துவிடலாம். லொறித் தட்டைக் கழுவியிருந்தாலும், சாரதியின் காலடி விரிப்பை யாரும் கழுவுவதில்லை. சாரதி இறங்காமலே இருக்கட்டும். இறங்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் சப்பாத்தைக் கொடுங்கள்.

9. "புதுசாக் குட்டி வாங்கினா எத்தினை நாள் தனிய வைக்கிறது? கடுவனை இரவல் வாங்கலாமா?"

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி புகுந்து 4 முதல் 19 நாட்களுக்குள் அறிகுறி காட்டும். ஆகையால் ஒரு கிழமை தனியே வைத்துவிட்டுச் சேர்ப்பதில் பயனில்லை. 30 நாள் வையுங்கள். தனி இடம் என்றால், நடுவில் ஒரு தடுப்பு வைத்த அதே கொட்டில் அல்ல: வேறு கூரை, வேறு வாளி, வேறு விளக்குமாறு, கழுவும் தண்ணீர் பழைய கொட்டில் பக்கம் ஓடாத சரிவு. ஒரே ஆள்தான் இரண்டையும் பார்க்க வேண்டியிருந்தால், பழைய பன்றிகளை முதலிலும் புதியவற்றைக் கடைசியிலும் பார்க்க வேண்டும்.

சினைப்படுத்துவதற்கான ஆண் பன்றியை, அதாவது கடுவனை, இரவல் வாங்குவதை நிறுத்துங்கள். ஒரு கடுவன் ஒரு நாளில் செய்யும் வேலை, லொறி ஒரு மாதத்தில் செய்யும் வேலைக்குச் சமம். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வசதியில்லையென்றால், சொந்தக் கடுவன் ஒன்றை வளர்ப்பதற்கான தீவனச் செலவை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

10. "வேலைக்கு வாற பொடியன் வீட்டிலயும் ரெண்டு பண்டி வளர்க்கிறான். பிரச்சினையா?"

ஆம். உங்கள் வேலைக்காரரின் வீட்டில் பன்றி இருக்கக் கூடாது. அவர் அந்த இரண்டு பன்றியில் பெறும் வருமானத்துக்கு ஈடாகச் சம்பளத்தில் ஏதாவது கூட்டிக் கொடுத்தால் மாத்திரமே அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கும். அவர் மறைத்து வளர்ப்பதைவிட, நீங்கள் கூட்டிக் கொடுப்பது மலிவு.

காட்டுப்பன்றி இறைச்சியையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். காடு ஒட்டிய கிராமங்களில் அது கிடைக்கும்போது வேலையாட்கள் பங்கு வாங்குவார்கள். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றியையும் கொல்லும்; காட்டில் ஆட்டமின்றி நின்ற பன்றியைச் சுலபமாகச் சுட்டேன் என்று ஒருவர் பெருமை பேசினால், அது ஏன் ஓடவில்லை என்று கேட்க வேண்டும். வேட்டைக்குப் போனவர், இறைச்சி வெட்டியவர் ஆகியோர் உடுப்பு மாற்றிக் குளித்து, குறைந்தது இரண்டு நாள் கழித்தே கொட்டிலுக்குள் வரலாம். பண்ணைக்குள் எந்தப் பன்றியிறைச்சியும் சாப்பாட்டுப் பார்சலில் வரக் கூடாது. சாப்பிடும் இடம் வேலிக்கு வெளியே இருக்கட்டும்.

11. "மாரியில கிணறு நிரம்பி வழியுது. தண்ணியால வருமா?"

வரக்கூடும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஒக்ரோபர் முதல் சனவரி வரையான காலத்தில், நம் கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு ஏறிவிடும். அந்நாட்களில் எருக்குழியும் கிணறும் ஏறத்தாழ ஒரே தண்ணீர்தான். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் உயர்த்தி, எருக்குழியைத் தாழ்வான பக்கத்தில் வைத்து, குடிக்கக் கொடுக்கும் தண்ணீரைத் தாங்கியில் ஏற்றிக் குளோரின் இட்டபின் கொடுப்பது நல்லது. வெள்ளநீர் ஓடும் வாய்க்காலிலிருந்து பம்பி வைத்து நேரே தொட்டிக்கு இறைப்பதை மாரியில் முற்றாக நிறுத்துங்கள். மேலே எவருடைய செத்த பன்றி வாய்க்காலில் வீசப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

12. "எங்கட வெயிலுக்குக் கிருமி ஒண்டும் நிக்காது எண்டு சொல்லுறாங்களே?"

காய்ந்த சீமெந்துத் தரையில் நேர் வெயில் படும் இடத்துக்கு அது ஓரளவு பொருந்தும். 60 பாகைச் சூட்டில் 20 நிமிடத்தில் இந்த வைரஸ் அழியும். ஆனால் கொட்டிலின் நிழலும், பலகை இடுக்கும், உறைந்த இரத்தமும், எலும்பு மச்சையும் அந்தச் சூட்டைக் காண்பதில்லை. வெயில் என்பது, நாம் கழுவிய பிறகு கிடைக்கும் உதவி. கழுவுவதற்குப் பதிலாக அதை எண்ணக் கூடாது.

13. "இலையான், எலி, காகம், தெருநாய்: இதுகளை என்ன செய்யிறது?"

நாயும் காகமும் உடும்பும் செத்த குட்டியின் துண்டைத் தூக்கிக்கொண்டு போகும். அதுவே பெரிய ஆபத்து. கடிக்கும் கொட்டில் இலையான் தொற்றுள்ள இரத்தத்தைச் சிறு தூரம் காவக்கூடும் என்பதால் சாணியைத் தேங்கவிடாதீர்கள். தீவன அறையை எலி நுழையாமல் அடையுங்கள். ஆபிரிக்காவில் ஒருவகை மென்னுண்ணி இந்த வைரசைச் சுமக்கிறது என்று படித்துவிட்டு உண்ணிமருந்து தேடி அலைகிறவர்கள், நான்காவது கேள்வியில் சொன்ன வேலியை முடித்துவிட்டு அதைத் தேடலாம்.

14. "உங்கட கடைத் தீவன மூட்டையால வராதா?"

நியாயமான கேள்வி, கேட்டவர் ஒரேயொருவர்தான். என் கடை வாசலில் காலையில் ஐந்து பண்ணைக்காரர் ஒன்றாக நிற்கிறார்கள், சிலர் கொட்டில் சப்பாத்தோடேயே வருகிறார்கள். தீவனத்துக்குள் கிருமி இருப்பதைவிட, மூட்டையின் வெளிப்புறத்திலும் உங்கள் காலிலும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே கடைக்கு வரும் சப்பாத்து வேறாக இருக்கட்டும். மூட்டையை வாசலில் பிரித்து உங்கள் பீப்பாயில் கொட்டிக்கொண்டு, வெறும் சாக்கை உள்ளே கொண்டுபோகாதீர்கள். பாவித்த சாக்கைத் திருப்பி எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். சிலருக்கு அதில் மனவருத்தம் உண்டு.

15. "வந்திட்டுது எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தீவனம் தின்னாமல் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து படுத்தல், 40.5 பாகைக்கு மேல் காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சிவந்து நீலம்பாரித்தல், வாந்தி, இரத்தக் கழிச்சல், சினைப்பன்றி குட்டி வீசுதல், சில வேளை எந்த அறிகுறியும் காட்டாமல் விடியலில் செத்துக் கிடத்தல். பிற நோய்கள் சிலவற்றிலும் இவையே தோன்றும் என்பதால், கண்ணால் பார்த்து எவரும் உறுதிசொல்ல முடியாது. இரத்த மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்களில் அது பரிசோதிக்கப்படுகிறது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கொடிய நோய் என்றால் ஒரே இரவில் எல்லாம் சாகும் என்று எதிர்பார்க்கிறார்கள். இந்த நோய் பெரும்பாலும் தொடுகையாலும் இரத்தத்தாலும் பரவுவதால், தொடக்கத்தில் கொட்டிலின் ஒரு தடுப்பில் ஒரு பன்றி, மூன்று நாள் கழித்து அதே தடுப்பில் இன்னொன்று என்று மெல்லவே போகும். அந்த முதற்கிழமையில் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சமாதானம் சொல்லி, ஒரே ஊசியால் வரிசையாக எல்லாவற்றுக்கும் அன்ரிபயோட்டிக் குத்தினால், மெல்லப் போகும் நோய்க்கு வண்டி பிடித்துக் கொடுத்ததாகும். நாளாந்தம் எத்தனை தின்னவில்லை, எத்தனை செத்தன என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்; இரண்டாவது சாவு எழுதும் நாளில் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள்.

16. "சொன்னா எல்லாத்தையும் அழிச்சுப் போடுவாங்கள். பேசாம நல்லதுகளை வித்திட்டா என்ன?"

இக்கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. கடைக்குள் வேறு ஆள் இல்லாதபோது கேட்கிறார்கள். கேட்பவரை நான் குறைசொல்ல மாட்டேன்: கடன் வாங்கிப் போட்ட பணம் கண்முன்னே சாகும்போது, நின்று ஓடுகிற பன்றியையாவது காசாக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒன்பதாவது கேள்வியில் சொன்ன நாட்கணக்கை நினைத்துப் பாருங்கள். நீங்கள் "நல்லது" என்று விற்கும் பன்றி, நோய் அரும்பும் நாட்களில் நிற்கிறது; அது லொறியில் ஏறினால், எட்டாவது கேள்வியில் சொன்ன பலகைத் தட்டு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மலிவு விலையில் அவசரமாக விற்கப்படும் பன்றிகள் இந்த நோய் வந்த பல நாடுகளில் அதன் பரவலில் பெரும் பங்கு வகித்திருக்கின்றன.

1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், தொற்று நோயை அறிவிக்காமல் மறைப்பதற்கும் கட்டுப்பாட்டை மீறி விலங்கைக் கொண்டுசெல்வதற்கும் எதிரானது. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்றைச் சொல்கிறேன்: நீங்கள் விற்ற பன்றியை வாங்கியவரிடம்தான் அடுத்த ஆண்டு குட்டி வாங்கப் போகிறீர்கள். அலுவலகத்துக்குச் சொல்லுமுன் உங்கள் கொப்பி, வாங்கிய விற்ற இரசீதுகள், பன்றிகளின் படங்கள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி வையுங்கள். உதவி என்று எது கிடைத்தாலும் அது எழுத்தில் உள்ளவருக்கே கிடைக்கும்.

17. "செத்ததை வெட்டிப் பாக்கலாமா? எங்க புதைக்கிறது?"

வெட்டாதீர்கள். செத்த பன்றியின் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். ஒருமுறை வயிற்றைத் திறந்தால் நிலம், கத்தி, கை, நாய் எல்லாம் தொற்றுள்ளவையாகும். வைத்தியர் வரும்வரை பொலித்தீனால் மூடி, நாய் அணுகாதபடி வையுங்கள்.

புதைப்பதாயின், மேலே ஒரு மீற்றருக்குக் குறையாத மண் நிற்கும் ஆழம் வேண்டும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் விலகிய மேட்டு நிலமாக அது இருக்க வேண்டும். கரையோர மணலில் மாரிகாலத்தில் இரண்டு முழம் வெட்டுமுன் தண்ணீர் ஊறிவிடும் என்பதால், அந்த இடத்தை இப்பொழுதே, கோடையில், அதிகாரிகளோடு பேசித் தீர்மானித்து வைப்பது அவசியம். கடலிலோ களப்பிலோ வீசுவதைப் பற்றி நான் எழுதவும் வேண்டுமா?

18. "எல்லாம் முடிஞ்சா எப்ப திரும்பத் தொடங்கலாம்? ரெண்டு பண்டி பிழைச்சிட்டுது, அதுகளைச் சினைக்கு வச்சிருக்கலாமா?"

கட்டுப்பாடு நீக்கப்பட்டுவிட்டதாக அலுவலகம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. அதற்குள் சாணியையும் படுக்கையையும் அகற்றி, பலகைகளை எரித்து, தரையைச் சவர்க்காரத்தால் தேய்த்துக் கழுவி, ஏழாவது கேள்வியில் சொன்னபடி மருந்திட்டு, உலர்த்தி, மறுபடியும் கழுவ வேண்டும். உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டலில், கழுவி முடித்துக் குறைந்தது 40 நாள் வெறுமையாக விட்டு, வழமையாக வைக்கும் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு பன்றிகளை மாத்திரம் முதலில் விட்டு, ஆறு கிழமை நாளாந்தம் கவனித்த பின்னரே மிச்சத்தைச் சேர்க்கச் சொல்லப்படுகிறது. அந்தச் சில பன்றிகளை எல்லாத் தடுப்புகளிலும் மாறி மாறி விடுங்கள். ஒரு மூலையில் மாத்திரம் கட்டிவைத்தால் மற்ற மூலைகளைப் பற்றி எதுவும் தெரியவராது.

பிழைத்தவற்றை வைத்திருக்க ஆசைப்படுவது புரிகிறது. எதிர்ப்புச் சக்தி உள்ள இனம் கிடைத்துவிட்டது என்று ஒருவர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். பிழைத்த பன்றி கிருமியை நீண்ட நாள் சுமந்து நிற்கக்கூடும். வெளித்தோற்றத்தில் கொழுத்து நிற்கும். மேலே சொன்ன கழுவுதல், காத்திருத்தல் எல்லாவற்றையும் செய்துவிட்டு, அந்தப் பன்றியை அதே கொட்டிலில் விட்டால், புதிய குட்டிகளுக்கு முதலில் மூக்கு உரசப் போவது அதுதான். அவை இரண்டையும் என்ன செய்வது என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். அதுவரை சினைக்கு விடாதீர்கள், எவருக்கும் கொடுக்காதீர்கள்.